தொட்டியின் அடியில் என்ன போடப் போகிறீர்கள்?

பள்ளி விடுமுறை முடிந்து திறந்த முதல் வாரம். படிவம் இரண்டு மாணவன் ஒருவன் ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தலோடு அறிவியல் கூடத்துக்கு வந்தான். போத்தலில் தண்ணீர் இல்லை. கழுத்துவரை வெள்ளை மணல்.

"டீச்சர், பெர்ஹெந்தியான் போயிருந்தோம். நம்ம தொட்டிக்குன்னு எடுத்துட்டு வந்தேன்."

அறிவியல் கூடத்தில் சிறிய கடல்நீர் மீன் தொட்டி ஒன்று வைக்கத் திட்டமிட்டிருந்தோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம். அடியில் என்ன போடலாம் என்று விடுமுறையில் யோசித்து வாருங்கள் என மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். அவன் யோசித்ததோடு நிற்காமல் கொண்டுவந்தும் விட்டான். அவனைப் பாராட்டவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. மணலை எங்கிருந்து எடுக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கடல்நீர் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மீனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு விளக்கு, பம்பு, வடிகட்டி. கடைசியில் பணம் கொடுக்கும் இடத்தில் நின்றுகொண்டு, "அடியில் போட ஏதாவது ஒரு பை கொடுங்கள்" என்கிறார்கள். பெருநகரின் ஆக்குவாரியா கேஎல்சிசிக்குப் போனாலும் இப்படித்தான். 90 மீட்டர் நீளக் கண்ணாடிச் சுரங்கப் பாதையில் எல்லோரும் தலையை உயர்த்திச் சுறாவைத்தான் பார்க்கிறோம். தரை யார் கண்ணிலும் படுவதில்லை.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. அடித்தளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மீனை மாற்றலாம், விளக்கை மாற்றலாம். உயிர்கள் குடியேறிய தொட்டியில் தரையை மாற்றுவது, ஆள் குடியிருக்கும் வீட்டில் அத்திவாரத்தைத் தோண்டுவதற்குச் சமம். அந்த முடிவை எடுக்க உதவும் என்பதற்காக, எனக்குத் தெரிந்ததையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன்.

எல்லா மணலும் ஒரே மணல் இல்லை

போர்ட் டிக்சன் கடற்கரை மணல் ஒரு பிடி, பெர்ஹெந்தியான் மணல் ஒரு பிடி. இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்துச் சமையலறை வினிகரைச் சில துளி விடுங்கள். முதல் தட்டில் பெரிதாக ஒன்றும் நடக்காது. சிப்பித் துண்டுகள் கலந்திருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வரும். இரண்டாம் தட்டு நுரைத்துப் பொங்கும்.

முதல் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. மலைப் பாறை உடைந்து, ஆற்றோடு வந்து, கடலோரம் சேர்ந்தது. இரண்டாவது கால்சியம் கார்பனேட். பவளமும் சிப்பியும் சுண்ணாம்புப் பாசிகளும் கடல்நீரிலிருந்து உறிஞ்சித் தங்கள் உடலாக்கிக்கொண்ட பொருள். அமிலம் பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. நாம் பார்க்கும் நுரை அதுதான்.

பவளத்தைத் தூளாக்கும் வேலையில் அலைக்கு ஒரு கூட்டாளி உண்டு: கிளிமீன். சபாவின் சிப்பாடான் தீவைச் சுற்றிக் கூட்டமாக மேயும் புடைத்த நெற்றிக் கிளிமீன், பாறையையும் பவளத்தையும் அலகு போன்ற பல்லால் கடித்து அரைத்து, சத்தை எடுத்துக்கொண்டு மீதியை மணலாகக் கழிக்கிறது. வளர்ந்த மீன் ஒன்று ஓர் ஆண்டில் இப்படி அரைக்கும் சுண்ணாம்புப் பொருள் ஏறக்குறைய 5 டன். தீவுக் கடற்கரைகளில் நாம் படுத்து வெயில் காயும் வெண்மணலில் ஒரு பகுதி மீனின் வயிற்றைக் கடந்து வந்தது என்றால் மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அதன் பிறகு அந்தப் பாடத்தை மறப்பதில்லை.

பூச்சோங் வாசகர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. நம் வட்டாரத்தில் இருக்கும் ஏரிகள் பல பழைய ஈயச் சுரங்கக் குழிகள். ஈயம் அலசியபோது மிஞ்சிய கனமான கறுப்பு மணலை மலாயில் அமாங் என்பார்கள். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மெனைட், தோரியம் அடங்கிய மோனசைட், சிர்கான் போன்ற கனிமங்கள் அதில் உண்டு. ஆற்றோரத்திலோ ஏரிக்கரையிலோ கட்டுமான இடத்திலோ இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளிவந்து கடல்நீர்த் தொட்டியில் கொட்டாதீர்கள். இறாலும் நத்தையும் பவளமும் உலோகங்களைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்தவை. எந்த மணலாக இருந்தாலும், காய்ந்த நிலையில் ஒரு காந்தத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த மணல் தொட்டிக்கு வேண்டாம்.

கடைகளில் கேட்கும் மூன்று பேச்சு

முதல் பேச்சு: "பவள மணல் போட்டால் பி.எச். இறங்கவே இறங்காது." இதில் பாதிதான் உண்மை. கடைகளில் ஆரகோனைட் என்று விற்பது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். அது கரைந்தால் நீரின் காரத்தன்மை உயரும் என்பது சரி. ஆனால் அது எப்போது கரையும்? வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரில் பி.எச். அளவு ஏறக்குறைய 8.1. அந்த நீரில் ஆரகோனைட் தெவிட்டிய நிலையைவிட மூன்று நான்கு மடங்கு கூடுதலாக ஏற்கெனவே இருக்கிறது. இனிமேல் சீனி கரையாது என்ற அளவுக்குத் தித்திக்கும் தேநீரில் இன்னொரு கரண்டி சீனி போட்டால் என்ன ஆகும்? அடியில் போய் உட்காரும். மணலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். பி.எச். ஏழரைப் பக்கம் சரிந்தால்தான் மணல் கரையத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்த தொட்டியில் பவளங்கள் அதற்கு முன்பே வாடத் தொடங்கியிருக்கும்.

நம் ஊரில் தொட்டியின் பி.எச். இறங்குவதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கிறது. கொண்டோ வீட்டில் சன்னலைச் சாத்தி, ஏர்கோண்ட் போட்டு, ஐந்து பேர் படுத்து உறங்குகிறோம். நாம் விடும் கரியமில வாயு அறையில் தேங்கி, தொட்டி நீரில் கரைந்து, அமிலமாகிறது. அதற்கு மருந்து பத்துக் கிலோ மணல் அல்ல, சிறிது நேரம் சன்னலைத் திறந்து வைப்பது.

இரண்டாம் பேச்சு: "சிலிக்கா மணல் போட்டால் பழுப்புப் பாசி பிடித்துவிடும்." டயாட்டம் எனும் பழுப்புப் பாசிகள் தம் ஓட்டைச் சிலிக்காவால் கட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றுக்கு வேண்டியது நீரில் கரைந்த சிலிக்கா. குவார்ட்ஸ் மணி கடல்நீரில் கரைவது மிக மிக மெதுவாக. கரைந்த சிலிக்கா பெரும்பாலும் வருவது நாம் உப்புக் கலக்கும் குழாய் நீரிலிருந்து. புதிய தொட்டியில் முதல் சில வாரங்களுக்குப் பழுப்புப் படலம் வரும், பிறகு குறையும். ஆரகோனைட் போட்டவர்களுக்கும் வரும், வெறும் கண்ணாடியாக விட்டவர்களுக்கும் வரும். பாசிக்குப் பயந்தால் மணலை மாற்றுவதைவிடத் தண்ணீரைச் சுத்தமாக்குங்கள்.

மூன்றாம் பேச்சு: "கனமாகப் போடுங்கள், கனமாக இருந்தால்தான் நல்லது." என் மீன்களைக் கொன்ற பேச்சு இது.

பத்து சென்டிமீட்டர் பாடம்

பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் வைத்த முதல் கடல்நீர்த் தொட்டி. கடையில் சொன்னபடி உடைத்த பவளக் கற்களைப் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினேன். எட்டு மாதம் அழகாக ஓடியது. ஒரு சனிக்கிழமை மாலை, பாறை ஒன்றை இடம் மாற்றலாம் என்று கையை விட்டேன். கல் அடுக்கு சரிந்தது. அடியிலிருந்து கறுப்பாக ஒரு புகை எழுந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். மறுநாள் காலையில் இரண்டு கோமாளி மீன்களும் ஒரு கோபியும் மிதந்தன. எங்கள் வீட்டில் அன்று யாரும் நாசி லெமாக் சாப்பிடவில்லை.

நடந்தது என்ன? மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாகின்றன. காற்றுள்ள இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அடுத்து நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்தில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஆழமான மணல் படுகைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்தக் கடைசிப் படியைத்தான் காட்டுகிறார்கள். அது பொய்யல்ல. பிரெஞ்சு ஆய்வாளர் ழான் ஜோபேர், மொனாக்கோ கடல்சார் அருங்காட்சியகத் தொட்டிகளில் ஆழமான மணலும் அதன் கீழே ஒரு நீர்வெளியும் வைத்துப் பவளங்களை நன்றாக வளர்த்துக் காட்டினார். மணலுக்குள் இறங்கிக் கிளறும் புழுக்களும் நத்தைகளும் நிறைய இருந்தால், மெல்லிய மணலில் ஆழமான படுகை பல ஆண்டுகள் தாங்கும்.

ஆனால் அங்கே அதைக் கவனிக்க ஆய்வாளர்கள் இருந்தார்கள். நம் வீட்டில் இருப்பது இரண்டடித் தொட்டியும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும். நைட்ரேட்டும் தீர்ந்துபோன ஆழத்தில் மூன்றாவது வகைப் பாக்டீரியா வேலையைத் தொடங்குகிறது. கடல்நீரில் தாராளமாக உள்ள சல்பேட்டை அது ஹைட்ரஜன் சல்பைடாக்குகிறது. முட்டை நாற்றம் அதன் நாற்றம். கறுப்பு நிறம் இரும்பு சல்பைடு. தொந்தரவு செய்யாதவரை அந்த வாயு மேலே வரும் வழியிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து அழிந்துவிடும். ஒரே வீச்சில் கிளறினால் நஞ்சு நேராக நீரில் கலக்கும். போதாததற்கு, நீரிலுள்ள ஆக்சிஜனையும் அது தின்றுவிடும். என் மீன்களை இரண்டு பக்கமிருந்தும் அடித்தது.

கல்லின் பருமனும் என்னைக் கவிழ்த்தது. இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மணியின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அளவு மணலில் பாக்டீரியா குடியேறும் மொத்தப் பரப்பு இரண்டு மடங்காகும். ஆனால் நீர் ஊடுருவும் வேகம் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறையும். மணி சிறுத்தால் குடியிருப்பு கூடுகிறது, காற்றோட்டம் குறைகிறது. பெருத்தால் காற்றோட்டம் கூடுகிறது, ஆனால் மூன்று நான்கு மில்லிமீட்டர் கற்களின் இடைவெளியில் உணவுத் துணுக்கு விழுந்து, எந்த நத்தைக்கும் எட்டாத ஆழத்தில் அழுகுகிறது. ஒரு மில்லிமீட்டர் மணலில் துணுக்கு மேலேயே கிடக்கும். நத்தை தின்னும், அல்லது நாம் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கலாம்.

நம் தட்பவெப்பத்தையும் மறக்கக் கூடாது. ஐரோப்பியர் எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றுகிறோம். அவர்கள் வீட்டில் நீரைச் சூடாக்கப் பணம் செலவாகிறது. நமக்குக் குளிர வைக்கச் செலவாகிறது. 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் அது 6.2 அளவுக்கு இறங்கும். அதே நேரத்தில் சூடு ஏற ஏற பாக்டீரியா வேகமாக மூச்சு விடும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. ஆகவே குளிரூட்டி இல்லாத பூச்சோங் வீட்டுத் தொட்டியில் மணலின் அடிப்பகுதி, லண்டன் வீட்டுத் தொட்டியைவிடச் சீக்கிரம் மூச்சுத் திணறும். நமக்கு மெல்லிய படுகைதான் பாதுகாப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

யார் குடிவரப் போகிறார்கள்?

"எது நல்ல மணல்?" என்ற கேள்வியே பிழை. "யாருக்கு நல்ல மணல்?" என்று கேளுங்கள்.

படம் பார்த்துப் பிள்ளைகள் கேட்கும் நீமோ, அதாவது கோமாளி மீன், மணலைப் பற்றிக் கவலைப்படாது. அதற்கு ஒதுங்க ஓர் இடம் போதும். கோமாளி மீன் ஒரு சோடி மட்டுமே வளர்க்கப் போகிறவருக்கு வெறும் கண்ணாடித் தரையே போதும். கழிவு தேங்காது, நீரோட்டத்தைப் பலமாக வைக்கலாம், ஐந்தே நிமிடத்தில் சுத்தம் செய்யலாம். பார்க்க மொட்டையாக இருக்கிறது என்பார்கள். சில மாதங்களில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்தால் அந்தக் குறை தெரியாது.

ராஸ் இனத்து மீன்கள் பலவற்றின் கதை வேறு. இருட்டியதும் மணலுக்குள் புகுந்து உறங்குவது அவற்றின் வழக்கம். மிரண்டாலும் மணலுக்குள்தான் பாயும். மணலே இல்லாத தொட்டியில் அந்த மீனை விடுவது, படுக்க இடம் கொடுக்காமல் விருந்தாளியை அழைப்பது போன்றது. அதற்கு ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு மென்மணல் வேண்டும். வாயால் மணலை அள்ளிச் சலித்துச் செவுள் வழியாக வெளியே தள்ளும் கோபிகளுக்குக் கூர்மையான பவளக் கல் வாயையும் செவுளையும் கீறும். பிஸ்டல் இறாலும் அதன் கூட்டாளிக் கோபியும் ஒரே வளையில் வாழ்கின்றன. இறால் தோண்டும், மீன் காவல் காக்கும். வளை இடியாமல் நிற்க மணலும் சிறு கல்லும் கலந்திருக்க வேண்டும். ஜா மீன் எனப்படும் வாய் பெருத்த மீனுக்கு இன்னும் ஆழம் வேண்டும். அந்த ஆழத்தைப் பராமரிக்க முடியாது என்றால் அந்த மீனை வாங்காதீர்கள். மணலை மீனுக்கேற்ப மாற்றுவதைவிட, நம் தரைக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது இருவருக்கும் நல்லது.

மணலைத் தின்று வாழும் இன்னொரு ஜீவன் நமக்கு மிகவும் பழக்கப்பட்டது. லங்காவியிலும் பங்கோரிலும் காமாட் எண்ணெய் விற்கிறார்களே, அந்தக் கடலட்டைதான். கடலடி மணலை விழுங்கி, அழுக்கைச் செரித்து, சுத்தமான மணலை வெளியே விடுகிறது. கடலில் தரையைச் சுத்தம் செய்ய இப்படி ஒரு பட்டாளமே இருக்கிறது. நம் தொட்டியில் அந்தப் பட்டாளம் இல்லை. வாரம் ஒரு முறை நாம்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

அந்தப் பை எங்கிருந்து வந்தது?

இப்போது மாணவனின் போத்தலுக்கு வருகிறேன். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான், பாயார் உள்ளிட்ட தீவுகளைச் சுற்றியுள்ள கடல், 1994இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட கடல் பூங்கா. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி, அந்த எல்லைக்குள் அனுமதியின்றிப் பவளத்தை எடுப்பதும் மணலை அள்ளுவதும் குற்றம். கரை மேல் கிடக்கும் மணல்? அதுவும் யாரும் அள்ளிக்கொள்ளலாம் என்று கிடப்பதல்ல. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் மணல் பாறைப் பொருளாகவே கணக்கிடப்படுகிறது; அது மாநிலத்தின் சொத்து.

"ஒரு போத்தல்தானே?" என்று கேட்பீர்கள். 2019இல் இத்தாலியின் சார்டினியா தீவில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி பிடிபட்டனர். அவர்கள் வாகனத்தில் 14 பிளாஸ்டிக் போத்தல்களில் சுமார் 40 கிலோ கடற்கரை மணல் இருந்தது. நினைவுப் பொருளாக எடுத்தோம், குற்றம் என்று தெரியாது என்றார்கள். அங்கே 2017 முதல் மணல் எடுக்கத் தடை இருக்கிறது. ஒவ்வொருவரும் "கொஞ்சம்தானே" என்று எடுத்ததன் மொத்தத்தைப் பார்த்த பிறகுதான் அந்தத் தீவு தடை போட்டது.

மொத்தமாக எடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் கடலே காட்டுகிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. அங்கே பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் கடல் தீவைக் கரைத்தது. பூவரசன்பட்டி, விளாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2001இல் இந்தியா பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, புலிக்குக் கொடுக்கும் பாதுகாப்பைப் பவளத்துக்கும் கொடுத்தது. மூழ்கிய தீவுகளை அந்தச் சட்டத்தால் மேலே கொண்டுவர முடியவில்லை.

"நான் கடற்கரையில் எடுக்கவில்லை, கடையில் வாங்கினேன்" என்கிறீர்களா? அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. கல் பவளங்களின் உலக வணிகத்தைச் சைட்டிஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. உயிருள்ள பவளத்தையோ அடையாளம் தெரியும் பவள எலும்பையோ எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும். ஆனால் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த பவள மணலும், 2 முதல் 30 மில்லிமீட்டர்வரை உள்ள பவளத் துண்டுகளும் எந்த இனம் என்று அடையாளம் காண முடியாதவை எனக் கருதி, அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே விடப்பட்டுள்ளன. அதாவது முழுப் பவளத்துக்குப் பத்திரம் வேண்டும், உடைத்துத் தூளாக்கினால் வேண்டாம். பையில் இருப்பது எந்தக் கடலிலிருந்து, எந்த முறையில் எடுத்தது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பூட்டில்லாத அந்தக் கதவில் காவலுக்கு நிற்கக்கூடியவர், "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் வாடிக்கையாளர் ஒருவர்தான்.

என் கட்டுரையின் முக்கியக் கோரிக்கை இதுதான். விற்பனைக்கு வரும் கடல்நீர் மணல் பை ஒவ்வொன்றிலும் எடுத்த நாடும் பொருளின் வகையும் மணியின் அளவும் அச்சிட்டிருக்க வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தில் சீனி எவ்வளவு என்று எழுதுகிறோம். பத்து ஆண்டு தொட்டியில் கிடக்கப் போகும் பொருளுக்கு இந்த மூன்று வரி அதிகமில்லை. 2018இல் கடல் மணல் ஏற்றுமதியையே தடை செய்த நாடு நாம். வெளியே போகும் மணலைப் பற்றிக் காட்டிய அக்கறையை உள்ளே வரும் மணலிலும் காட்டலாம்.

அப்படியானால் என்ன போடலாம்?

நான் பரிந்துரைப்பவை மூன்று.

முதலாவது, வெறும் தரை. மணலை நாடாத மீன்களை வளர்க்கிறவருக்கும், சுத்தம் செய்ய நேரமில்லாதவருக்கும் இதுவே நல்லது.

இரண்டாவது, நீச்சல் குளத்து வடிகட்டியில் போடும் கழுவிய குவார்ட்ஸ் மணல். மணி பெரும்பாலும் அரை முதல் ஒரு மில்லிமீட்டர். மலிவு, சீரான அளவு, பவளத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கறுப்புத் துகள் இல்லாத பையாகப் பார்த்து வாங்குங்கள், காந்தச் சோதனையை மறக்காதீர்கள்.

மூன்றாவது, எடுத்த இடம் அச்சிடப்பட்ட ஆரகோனைட் மணல். பஹாமாஸ் ஆழமற்ற கடலில் நீரிலிருந்தே படிந்து உருண்ட ஊலைட் மணிகள் இவற்றில் ஒரு வகை. அவை பவளத்தை உடைத்துச் செய்தவை அல்ல. தோண்டி எடுப்பதால் அங்கேயும் கடலடிக்குத் தொந்தரவு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் பெயர் தெரியாத பவளத் தூளைவிட ஊர் தெரிந்த மணல் மேல். பேராக் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வரும் பளிங்குச் சில்லையும் சிலர் போடுகிறார்கள். வேதியியல் முறையில் அதுவும் கால்சியம் கார்பனேட்தான், கெடுதல் இல்லை. ஆனால் முனை கூர்மை, மணல் சலிக்கும் மீனுக்கு ஆகாது. சாயம் பூசிய வண்ணக் கற்களை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எவ்வளவு வாங்குவது? நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். அதை ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய கிலோ. எங்கள் பள்ளித் தொட்டிக்கு 60, 30, 3. பெருக்கினால் 5,400. அதாவது 5.4 லிட்டர், சுமார் 8 கிலோ. அன்று நான் போட்ட பத்து சென்டிமீட்டருக்கு இதே தொட்டியில் 27 கிலோ ஆகும். மீன் கொன்றது போக, மேசையையும் வளைத்திருக்கும்.

பாறையை முதலில் கண்ணாடித் தரையில் ஆடாமல் நிறுத்துங்கள். பிறகு சுற்றிலும் மணலைப் போடுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால், ஒரு நாள் இறால் அடியில் வளை தோண்ட, பாறை சரிந்து கண்ணாடி விரியும். காய்ந்த மணலை நீர் தெளியும்வரை கழுவுங்கள். தொட்டி அமைத்ததும் மீனை விடாதீர்கள். பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பிறகு வாரம் ஒரு முறை கால்வாசித் தரையை மட்டும் உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். பழைய ஆழமான படுகையை எடுக்க வேண்டியிருந்தால், மீன்களை முதலில் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு எடுங்கள். இந்த ஒரு வரியை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று மீன்கள் பிழைத்திருக்கும்.

எங்கள் அறிவியல் கூடத் தொட்டிக்கு மாணவர்களே வாக்களித்தார்கள். மூன்று சென்டிமீட்டர் குவார்ட்ஸ் மணல், ஒரு சோடி கோமாளி மீன், ஐந்து நத்தைகள். பெர்ஹெந்தியான் மணலை வினிகர்ச் சோதனைக்கு ஒரு கரண்டி மட்டும் எடுத்தோம். மீதி இன்னும் அலமாரியில், அதே போத்தலில் இருக்கிறது. அடுத்த முறை தீவுக்குப் போகிறவர் யாரோ அவர் கையில் கொடுத்து, எடுத்த கரையிலேயே கொட்டிவிடச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு மாதம் வகுப்பறையில் பல கை பட்ட மணலைக் கடல் பூங்காவில் கொட்டுவதும் சரியாகாது. அதனால் கொண்டுவந்த மாணவனே ஒரு தாளில் எழுதி போத்தலில் ஒட்டியிருக்கிறான்: "பெர்ஹெந்தியான் மணல். எடுத்திருக்கக் கூடாது."

நீங்கள் அடுத்த முறை மீன் கடைக்குப் போகும்போது, மீனைப் பார்ப்பதற்கு முன் மணல் பையைத் திருப்பிப் பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்றால், கடைக்காரரிடம் கேளுங்கள்.